கிழக்கு தெரிந்த பிள்ளை, லெஃப்ட் தெரிந்த பிள்ளை: வீட்டுப் பேச்சுக்கு இதில் எவ்வளவு பங்கு?

மேலூர்க்காரன்

சின்னப் பிள்ளைகளுக்கு இடம் தெரிவது எப்படி வருகிறது? எது எங்கே இருக்கிறது, நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன், வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போகணும் என்கிற அறிவைச் சொல்கிறேன். வளர வளரத் தானாக வருவதா, பெற்றவர்களும் ஊரும் பேசிப் பழக்கி வருவதா?

கேட்கக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்குள்ளேயே திசை சொல்லித்தான் பேச்சு. "செம்பு அடுப்புக்கு மேக்கால இருக்கு பாரு." "கொஞ்சம் தெக்கால தள்ளி உக்காரு, இலை போடணும்." அக்கா மகனுக்கு நாலு வயதுதான். யோசிக்காமல் சரியான பக்கம் கை நீட்டுகிறான். என் மகள் அவனுக்கு மூத்தவள், சென்னையில் வளர்கிறாள். என் அம்மா "மேக்கால" என்றதும் அவள் அப்பத்தாவின் கையைத்தான் பார்க்கிறாள், எந்தப் பக்கம் காட்டுகிறது என்று. அதே பிள்ளை படத்துண்டுகளை இணைக்கிற விளையாட்டில் அவனை மிஞ்சிவிடுவாள். அதனால் அவளுக்கு அறிவு குறைவு என்று சொல்ல மாட்டேன். அவன் பழகியது வேறு, இவள் பழகியது வேறு. ஆனால் அவன் பழகியது என் குடும்பத்தில் என்னோடு நின்றுவிடுமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மொழியியல் மாணவி

அண்ணா, நீங்கள் வீட்டில் பார்த்ததை உங்கள் மதுரை வட்டாரத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் அங்கே செய்த ஆய்வு 1990களில் வெளிவந்தது. ஒரே மொழி, ஒரே வட்டாரம். நகரத்தார் மேசைமேல் இருக்கிற பொருளை இடது, வலது என்று சொன்னார்கள். கிராமத்தார் அதே பொருளை வடக்கு, தெற்கு என்று சொன்னார்கள்.

சோதனை எளிது, வீட்டிலேயே செய்யலாம். மேசையில் மூன்று பொம்மை விலங்குகளை வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி நிறுத்துங்கள். மாடு, ஆடு, பன்றி, எதுவானாலும் சரி. நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஆளை அப்படியே பின்பக்கம் திருப்பி, அங்கே இருக்கும் இன்னொரு மேசையில் அதேபோல் அடுக்கச் சொல்லுங்கள். முன்பு வலக்கைப் பக்கம் பார்த்த மாடு இப்போதும் வலக்கைப் பக்கமே பார்த்தால், அவர் தன் உடம்பை வைத்துக் கணக்குப் போடுகிறார். முன்பு கிழக்கே பார்த்த மாடு இப்போதும் கிழக்கே பார்த்தால், ஊரை வைத்துக் கணக்குப் போடுகிறார். வாய் எப்படிச் சொல்லிப் பழகியதோ, பெரும்பாலும் கையும் அப்படியே அடுக்குகிறது.

மெக்சிகோவில் சியாபாஸ் மலைப்பகுதியில் தெனெஹாபா என்ற இடம். அங்கே செல்தால் மொழி பேசும் மாயா மக்கள் வாழ்கிறார்கள். நிலம் தெற்கே உயர்ந்து வடக்கே சரிகிறது. அதனால் சமமான மேசைமேல் இருக்கும் புட்டியைக்கூட "மேட்டுப் பக்கம்", "பள்ளத்துப் பக்கம்" என்றுதான் சொல்வார்கள். பெனலோப் பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் இருவரும் அங்கே பல வருடம் வேலை செய்தவர்கள். மூன்று, மூன்றரை வயதுப் பிள்ளைகளே அந்தச் சொற்களைப் புழங்குவதை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழந்தை உளவியலாளர்களான பியாஜேயும் இன்ஹெல்டரும், இட அறிவில் எது எந்த வயதில் வரும் என்று 1948இல் எழுதிய வரிசைப்படி பார்த்தால் இதெல்லாம் ரொம்பப் பிந்தி வரவேண்டிய அறிவு. வீட்டில் அந்தப் பேச்சு இருந்தால் முந்தியே வந்துவிடுகிறது.

கணக்கு வாத்தியார்

படித்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் மொழிமேல் ஏற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஊர்ப் பையன் காலையில் வாசலுக்கு வந்தால் சூரியன் நேரே தெரியும். யானைமலை எந்தப் பக்கம், கண்மாய்க்கரை எந்தப் பக்கம் என்று தினமும் பார்க்கிறான். சென்னைப் பிள்ளைக்கு எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். ஆகவே இது பேச்சின் வேலை இல்லை, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தின் வேலை. மூன்று பொம்மைச் சோதனையைக்கூட ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்வதற்கும் மூடிவைத்துச் செய்வதற்கும் வித்தியாசம் இருக்குமே?

மொழியியல் மாணவி

சார், நீங்கள் கேட்ட அதே கேள்வியைப் பெக்கி லீயும் லைலா கிளைட்மனும் 2002இல் எழுப்பினார்கள். அமெரிக்க மாணவர்களிடம் அந்தச் சோதனையை ஜன்னல் திரையை இறக்கியும் ஏற்றியும், கண்ணில் படும் அடையாளப் பொருள்களை வைத்தும் செய்து பார்த்தார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களின் விடையும் மாறியது. லெவின்சன் குழுவினர் அதே ஆண்டே மறுத்து எழுதினார்கள். இன்னும் தீராத வழக்கு இது.

இதற்கு அப்புறம் வந்த ஒரு வேலைதான் என்னை ஒரு பக்கம் சாய வைத்தது. 2006இல் டேனியல் ஹவுனும் கூட்டாளிகளும் கிண்ணங்களுக்கு அடியில் பொருளை ஒளித்துவைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நான்கு வயது ஜெர்மன் குழந்தைகளும், ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி போன்ற பெருங்குரங்குகளும், தங்கள் இடது வலதைவிடச் சுற்றியிருக்கும் இடத்தை வைத்தே தேடினார்கள். எட்டு வயதுக்கு வந்தால் பாதை பிரிந்துவிடுகிறது. இடது வலது சொல்லிப் பேசும் நெதர்லாந்துப் பிள்ளைகள் உடம்பை வைத்துத் தேடுகிறார்கள், திசை சொல்லிப் பேசும் நமீபியாவின் ஹாய்ஓம் பிள்ளைகள் திசையை வைத்துத் தேடுகிறார்கள். அதாவது, சுற்றுப்புறத்தை வைத்துப் பார்ப்பதுதான் பிள்ளைகளிடம் முதலில் இருக்கிறது என்று தோன்றுகிறது. இடது வலதுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது நாம்.

மலையும் சூரியனும் வேண்டும்தான். ஆனால் மலை இருந்தும், அதைச் சொல்லிப் பேசும் ஆள் வீட்டில் இல்லையென்றால், பிள்ளைக்கு அது வெறும் காட்சிதான்.

மூன்றாம் மாடி

என் நிலைமை வாத்தியார் சொன்னதேதான். எங்கள் ஃப்ளாட்டில் பால்கனிக்கு நேரே அடுத்த பிளாக்கின் சுவர். சூரியன் எங்கே உதிக்கிறது என்று எனக்கே சட்டென்று சொல்ல வராது. மூன்றரை வயதுப் பையனுக்குக் கிழக்கு மேற்கை எதைக் காட்டிச் சொல்லித்தருவது?

மொழியியல் மாணவி

சென்னையில்தானே இருக்கிறீர்கள் அக்கா? கடல் இருக்கிறதே! பாலித் தீவில் வடக்கு தெற்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதில்லை. மலைப் பக்கம் 'காஜா', கடல் பக்கம் 'கெலோட்'. தீவின் தென்பகுதியில் காஜா என்றால் வடக்கே. மலையைத் தாண்டி வடக்குக் கரைக்குப் போனால் அதே காஜா தெற்கே. அங்கே பிள்ளைகளுக்குத் திசை வீட்டு அமைப்பிலேயே இருக்கிறது. குடும்பக் கோயில் எந்த மூலையில், சமையல் எந்தப் பக்கம், தலை வைத்துப் படுப்பது எங்கே, எல்லாம் அதன்படிதான். பியர் டாசனும் ரமேஷ் மிஸ்ராவும் பாலி, நேபாளம், வாரணாசி எல்லாம் போய்ப் பிள்ளைகளைச் சோதித்து 2010இல் புத்தகமாகவே எழுதினார்கள். வாரணாசியில் சமஸ்கிருதப் பாடசாலைப் பிள்ளைகள் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிட அதிகமாகத் திசை சொன்னார்கள். தினசரி சடங்குக்குக் கிழக்கே பார்த்து உட்கார்கிற பிள்ளைகள் அவர்கள். வாரணாசியில் மலையும் இல்லை, கடலும் இல்லை.

அதனால் "செருப்பைக் கடல் பக்கம் வை" என்று ஆரம்பியுங்கள். உங்கள் வீட்டில் எந்தச் சுவர் கடல் பக்கம் என்று மட்டும் முதலில் நீங்கள் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

மேலூர்க்காரன்

இது அருமை. மதுரையில் இதை ஊரே செய்து வைத்திருக்கிறது. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காகப் போகும். ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நாலு பக்கம். மேலமாசி வீதிக்கு ஒரு தடவை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டாலே பாதிப் பாடம் முடிந்தது.

குழந்தை பிசியோ

பேச்சைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உடம்பை விட்டுவிட்டீர்கள். நான் தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1963இல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹெய்ன் இருவரும் இருட்டில் வளர்த்த பூனைக்குட்டிகளை ஜோடி ஜோடியாக ஒரு சுழல் கம்பியில் கட்டினார்கள். ஒரு குட்டி தானே நடக்கும். இன்னொன்று தொட்டியில் உட்கார்ந்திருக்கும், முதல் குட்டி நடந்தால் இதுவும் கூடவே சுற்றும். இரண்டு குட்டிகளும் பார்த்த காட்சி ஒன்றேதான். ஆனால் நடந்த குட்டிதான் பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கியது, தரை நெருங்கும்போது கால் நீட்டியது. உட்கார்ந்து வந்த குட்டிக்கு இரண்டும் வரவில்லை. அப்புறம் அவிழ்த்து நடக்கவிட்டதும் அதுவும் தேறியது.

மனிதக் குழந்தையிலும் தவழ ஆரம்பித்த பிறகுதான் உயரத்தைக் கண்டு தயங்குவது வருகிறது என்று ஜோசஃப் காம்போஸ் குழுவினர் காட்டினார்கள். தவழும் பிள்ளைக்குத்தான் கட்டிலின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டிய தேவை இருக்கிறது. தூக்கியே வைத்திருக்கிற பிள்ளைக்கு அது நம் கவலை.

இதில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு வழக்கம். கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள் குழந்தையை உட்காரப் பழக்கத் தரையில் சின்னக் குழி தோண்டி அதில் உட்கார வைப்பார்கள். அந்தப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளைவிட முந்தி உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று சார்ல்ஸ் சூப்பர் 1976இல் எழுதினார். பராகுவேயின் ஆச்சே மக்கள் காட்டில் நடமாடிய காலத்தில் குழந்தையைத் தரையில் விடவே மாட்டார்கள். அங்கே பிள்ளைகள் நடப்பதற்கே ஏறக்குறைய இரண்டு வயது ஆகும். வளர்ந்த பிறகு அவர்கள் காட்டில் அலைவதில் ஒரு குறையும் இல்லை. அதனால் யாரும் பயப்பட வேண்டாம்.

நம் ஊர் நடைவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சக்கரம், ஒரு குறுக்குக் கட்டை. பிள்ளை எழுந்து நின்று, தன் பாரத்தைத் தானே தாங்கி, தள்ளினால்தான் நகரும். சுவரில் முட்டி நின்றால் திருப்பத் தெரியணும். முதலில் அழும், அப்புறம் பின்னால் இழுக்கும், ஒரு நாள் பக்கவாட்டில் தூக்கித் திருப்பிவிடும். அந்தத் திருப்பம் இருக்கிறதே, இட அறிவு கண்ணெதிரே நடக்கிற நேரம் அது. இன்று வாங்கிக் கொடுக்கிற வட்டமான பேபி வாக்கரில் பிள்ளை தொங்கிக்கொண்டு கால்நுனியால் உந்துகிறது. தன் காலைக்கூடப் பார்க்க முடியாது. கனடா 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. மாடிப்படியில் உருண்டு விழுந்த பிள்ளைகள்தான் அதற்கு முக்கியக் காரணம். தயவுசெய்து நடைவண்டி வாங்குங்கள், இல்லாவிட்டால் வெறும் தரையே போதும்.

புள்ளிக்கோலம்

பிசியோ சொன்ன 'திருப்பம்' எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. கோலத்தை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏழு புள்ளி, நாலு முடிய ஊடுபுள்ளி. நடுவில் ஏழு வைத்து, அதற்கு மேலும் கீழும் இடைவெளிக்கு நேராக ஆறு, அப்புறம் ஐந்து, அப்புறம் நாலு. மொத்தம் முப்பத்தேழு. ஐந்து வயதுப் பிள்ளையிடம் மாவைக் கொடுத்து ஆறு புள்ளி வரிசையை வைக்கச் சொன்னால் முதலில் புள்ளிக்கு நேர் கீழேதான் வைக்கும். "ரெண்டுக்கும் நடுவுல வை கண்ணு" என்று பாட்டி சொல்லணும். நடுவில், ஓரத்தில், சுற்றி, உள்ளே விட்டு வெளியே எடு. ஒரு கோலம் முடிவதற்குள் இடத்தைப் பற்றி எத்தனை சொல் பிள்ளையின் காதில் விழுகிறது! கம்பிக் கோலம் என்றால் இன்னும் விசேஷம், கோடு எங்கேயும் அறுபடாமல் கிளம்பிய இடத்துக்கே வரணும்.

இதைப் பெண்பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து, தெருவில் ஓடுவதை ஆண்பிள்ளைக்கு மட்டும் விட்டோம். இரண்டையும் இருவருக்கும் கொடுத்திருக்கலாம்.

குழந்தை பிசியோ

அப்படிப்பட்ட சொற்களை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். ஷானன் ப்ரூடன், சூசன் லெவின், ஜானெலன் ஹட்டன்லாக்கர் மூவரும் 2011இல் வெளியிட்டது. 52 குழந்தைகளை 14 மாதத்திலிருந்து 46 மாதம் வரை வீட்டுக்குப் போய்ப் படம்பிடித்தார்கள். பெரியது, நீளம், வளைவு, மூலை, ஓரம், வட்டம் போன்ற சொற்களைப் பெற்றவர் எவ்வளவு சொல்கிறார் என்று எண்ணினார்கள். ஒரு வீட்டில் வெறும் 5, இன்னொரு வீட்டில் 525. அதிகம் கேட்ட பிள்ளைகள் தாங்களும் அதிகம் சொன்னார்கள், நாலரை வயதில் வடிவங்களைத் திருப்பிப் பொருத்தும் சோதனையிலும் நன்றாகச் செய்தார்கள். இதற்குப் பொம்மை வாங்கச் செலவே இல்லை.

காலனிவாசி

எல்லாரும் அழகான பக்கத்தைப் பேசுகிறீர்கள். நான் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கீழத்தெரு, மேலத்தெரு என்பதெல்லாம் எங்கள் ஊரில் திசைப் பெயர் மட்டும் இல்லை. யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதற்கான பெயரும் அதுதான். எனக்குத் திசை தெரிவதற்கு முன்பே, எந்தத் தெருவுக்குள் செருப்போடு போகக்கூடாது என்று தெரியும். எந்த வீட்டுத் திண்ணை வரை போகலாம், எந்தக் கிணற்றுப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது என்று தெரியும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. அம்மா என் கையை இறுக்கிப் பிடிக்கிற இடங்கள் இருந்தன. அந்த இறுக்கத்திலிருந்து நான் வரைந்துகொண்ட வரைபடம் அது. சுற்றிப் போவதுதான் வழி என்று பள்ளிக்கூடம் போகிற வயதில் நம்பியிருந்தேன். நடுவில் நேர்வழி ஒன்று இருப்பது கண்ணில் பட்டும் மனதில் ஏறவில்லை.

பிள்ளைகளின் இட அறிவைப் பண்பாடு வடிவமைக்கிறது என்றால் இதையும் சேர்த்துத்தான். என் மகளுக்கு எல்லாத் தெருவும் தெரு என்றுதான் காட்டுகிறேன். ஊருக்குப் போனால் மேலத்தெரு வழியாகத்தான் கூட்டிப்போவேன்.

மேலூர்க்காரன்

காலனிவாசி, நீங்கள் சொன்னது உண்மை. எங்கள் ஊரும் அப்படித்தான். நான் "மேக்கால, கெழக்கால" என்று பெருமையாக எழுதியதில் இது வராமல் போனது, இதைத் தினமும் நினைக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லாததால். எழுதியதற்கு நன்றி.

ஒழுங்கை

இலங்கையின் வன்னியில் வளர்ந்தவள் நான். காலனிவாசியின் பதிவைப் படித்ததும் எழுத வேண்டும்போல இருந்தது.

அம்மம்மாவின் யாழ்ப்பாணத்து வீடு என்றால் ஒழுங்கை (குறுகிய சந்து), கிடுகுவேலி (தென்னங்கீற்று வேலி), படலை (வேலியின் வாசற்கதவு). வேலிப் பொட்டுக்குள்ளால், அதாவது வேலியில் இருக்கும் இடைவெளிக்குள்ளால், பக்கத்து வளவுக்கு (வீட்டுக் காணிக்கு) போய் வருவோம். பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வளவும் சேர்ந்து ஒரே முற்றம். போர் முடிந்து மீளக்குடியேறியபோது என் தம்பி சின்னப் பிள்ளை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், சிவப்புப் பலகையில் மண்டையோட்டுப் படம் இருந்தால் அதற்கு அப்பால் கால் வைக்கக்கூடாது, ஆட்கள் நடந்த தடத்திலேயே நட, பந்து பற்றைக்குள் போனால் விட்டுவிடு. மிதிவெடி அகற்றி முடிந்தது என்று அறிவித்த பிறகும் அவன் புல்லுக்குள் இறங்க மாட்டான். இப்போது வளர்ந்த ஆள், வேலைக்குப் போகிறான். பூங்காவில் நாங்கள் புல்லில் பாய் விரித்தால் அவன் சீமெந்துக் கட்டின் மேல்தான் இருப்பான்.

மியூனிக் தமிழச்சி

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை, ஒழுங்கை அக்கா.

இங்கே ஜெர்மனியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தனியாக நடந்து பள்ளிக்குப் போவது சாதாரணம். பள்ளி திறப்பதற்கு முந்திய விடுமுறையில் பெற்றோர் பிள்ளையை முன்னே விட்டு, தாங்கள் பின்னால் நடந்து பழக்குகிறார்கள். எங்கே கடக்கணும், எந்த மூலையில் நிற்கணும் என்று பிள்ளைதான் சொல்லணும். எனக்கு முதலில் வயிற்றைக் கலக்கியது. இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் எடுத்த கணக்கைப் பார்த்தால் இது எவ்வளவு சீக்கிரம் கைநழுவும் என்று தெரியும். 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் 9 சதவீதம்.

மூன்றாம் மாடி

எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வருகிற வேகத்தைப் பார்த்தால் தனியாக விடவே முடியாது. ஆனால் பையனை முன்னே விட்டு நான் பின்னால் நடக்கலாம், அது முடியும். கடைக்குப் போகும்போது "நீதான் வழி சொல்லணும்" என்றேன். பிள்ளையார் கோயில் வந்ததும் நின்று, திரும்பிப் பார்த்து, "கடல் பக்கம்" என்றான். சரியாகத்தான் சொன்னான்.

அங்கன்வாடி அக்கா

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, என் மையத்தில் பெரும்பாலான பிள்ளைகள் இடது வலதை மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். கவலைப்படணுமா? இரண்டு, வீட்டிலிருந்து மையத்துக்கு வரும் வழியை வரையச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். தாளும் கிரேயானும் போதுமா?

குழந்தை பிசியோ

முதலாவதற்கு: உங்களிடம் இருக்கும் வயதில் அது இயல்பு. தன் கையில் இடது வலது நிலைக்கவே ஐந்திலிருந்து எட்டு வயது ஆகும். எதிரே நிற்பவரின் இடது வலதைச் சொல்ல இன்னும் சில வருடம் பிடிக்கும். திட்ட வேண்டாம், கையில் மை வைத்து உருப்போட வைக்கவும் வேண்டாம்.

மொழியியல் மாணவி

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன் அக்கா. தாள் வேண்டாம். தாளை எடுத்ததும் பிள்ளை அதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிவிடும், தெரு ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமுமாக நிற்கும். வாசலில் சாக்பீஸைக் கொடுத்துத் தரையில் வரையச் சொல்லுங்கள். மையம் இருக்கும் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு, "உன் வீடு எந்தப் பக்கம், அங்க பார்த்து நில்லு" என்று சொல்லி ஆரம்பியுங்கள். பிள்ளை வரைகிற கோடு நிஜத் தெரு போகும் பக்கமே போகும். நடுவில் என்னென்ன வருகிறது என்று நீங்கள் கேட்டுக்கொண்டே கூட நடங்கள். நாய் படுத்திருக்கும் இடம், பைப்படி, டீக்கடை, எல்லாவற்றுக்கும் ஒரு கல். வரைந்து முடித்ததும் இன்னொரு பிள்ளையை அந்தக் கோட்டின் மேல் நடக்கச் சொல்லி, வரைந்த பிள்ளை வழி சொல்லட்டும்.

அங்கன்வாடி அக்கா

வாசல் சிமெண்ட் தரைதான், சாக்பீஸ் நன்றாகப் பிடிக்கும். திங்கட்கிழமை செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.